பேராசை பிடித்த இலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தென்சென்னையில் ஒரு மைதானத்தில் போடுகிற இயற்கை அங்காடிக்குப் போயிருந்தேன். மூங்கில் கூடை, மண்பானை, மரச்செக்கு எண்ணெய், பணம் கட்டுவதற்கு மட்டும் செல்போன். கீரைக் கடை ஒன்றின் முன்னால் சிலேட்டுப் பலகையில் சாக்பீஸால் மூன்று வரி எழுதியிருந்தது:

ரசாயனம் இல்லை. பூச்சிமருந்து இல்லை. ஜீன் இல்லை.

மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன்.

"தம்பி, முதல் ரெண்டு புரியுது. ஜீன் இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"அதாவது சார், இந்தக் கம்பெனிக்காரங்க ஜீனை உள்ள விட்டு விக்கிறாங்க இல்ல? நம்ம கீரையில அதெல்லாம் கிடையாது. சுத்தமான இயற்கை."

பையன் நல்லவன். என்ஜினீயரிங் படித்து, பார்த்த வேலையை விட்டுவிட்டு, செங்கல்பட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறானாம். நகத்தில் மண் இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மூன்றாவது வரியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் கோபம். ஆகவே இந்த வாரம் கொஞ்சம் சண்டை போடலாம் என்றிருக்கிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துச் சினிமா விமர்சனத்துக்குப் போய்விடலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நம் ஊர்ப் பையனை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஐரோப்பாவில் 1990-களில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். 'சாதாரணத் தக்காளியில் மரபணு கிடையாது. மரபணு மாற்றிய தக்காளியில்தான் உண்டு. சரியா, தப்பா?' என்பது கேள்வி. தப்பு என்று சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். மற்றவர்கள் 'சரி' என்றார்கள், அல்லது 'தெரியாது' என்றார்கள். படித்த, பணக்கார, நோபல் பரிசு கொடுக்கிற கண்டம்.

சரி, கடைக்கு வருவோம். அந்தத் தம்பி கையில் இருந்த பாலக் கட்டைப் பாருங்கள். பச்சையாக இருக்கிறதல்லவா? அந்தப் பச்சை நிற்பதே மரபணுவால்தான்.

பச்சையம் என்பது தனியாக விட்டால் ஆபத்தான சரக்கு. வெயில் பட்டதும் சக்தியை வாங்கிக்கொள்ளும். அதை உடனே யாரிடமாவது கைமாற்றிவிடாவிட்டால் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை உசுப்பிவிட்டு செல்லையே பொசுக்கிவிடும். அதனால் செடி பச்சையத்தை அவிழ்த்து விடுவதில்லை. ஒரு புரதத்தின் மடிப்புகளுக்குள் அடுக்கி, இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. இதற்கு 'ஒளி அறுவடைப் புரதம்' என்று பெயர். ஒரு புரதத்துக்குள் 14 பச்சைய மூலக்கூறு, கூடவே 4 மஞ்சள் நிறமி. இப்படி மூன்று புரதங்கள் கைகோத்து ஒரு வட்டம். ஜெர்மனியில் வெர்னர் கூல்பிராண்ட் 1994-ல் இதன் உருவத்தைப் பட்டாணிச் செடியில் பார்த்தார். இன்னும் துல்லியமாகச் சீன விஞ்ஞானிகள் 2004-ல் பார்த்தார்கள். எதில் என்று கேளுங்கள். சாட்சாத் பாலக் கீரையில். செடிகளிலுள்ள பச்சையத்தில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒரு வகைப் புரதத்தின் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

புரதம் என்றால் அதைச் செய்ய ஒரு செய்முறைக் குறிப்பு வேண்டும். அதுதான் மரபணு. இந்த முக்கியமான புரதத்துக்குச் செடி ஒரே ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு திருப்திப்படவில்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற களைச்செடி இருக்கிறது, ஆராய்ச்சிக்காரர்களின் வெள்ளெலி. அதில் இந்தப் புரதங்களில் ஒன்றுக்கு மட்டும் ஐந்து மரபணுக்கள் இருக்கின்றன. ரேஷன் கார்டை ஐந்து ஜெராக்ஸ் எடுத்து வீடு முழுக்க வைத்திருக்கிற நம் அப்பாக்கள் மாதிரி. தொலைந்தால்?

இன்னும் வேடிக்கை, இந்தக் குறிப்புகள் பச்சையம் இருக்கிற பசுங்கணிகத்தில் இல்லை, செல்லின் உட்கருவில் இருக்கின்றன. அங்கிருந்து நகல் எடுத்து, வெளியே புரதம் தயாரித்து, அதன் தலையில் ஒரு விலாசச் சீட்டு ஒட்டிப் பசுங்கணிகத்துக்கு அனுப்புகிறது செடி. உள்ளே நுழைந்ததும் சீட்டைக் கிழித்துவிடுகிறார்கள். தபால் இலாகா தோற்றுவிடும்.

அந்த மரபணுக்கள் நேரமும் பார்க்கின்றன. 1985-ல் ஜெர்மனியில் பட்டாணிச் செடிகளை வைத்துப் பார்த்தபோது, இந்த மரபணு பகலுக்கும் இரவுக்கும் ஏற்ப ஏறி இறங்குவது தெரிந்தது. செடியைத் தொடர்ந்து ஒரே மாதிரி வெளிச்சத்தில் வைத்தாலும் அந்தத் தாளம் நிற்கவில்லை. சூரியனைப் பார்த்து எழுவதில்லை. சூரியன் வரப்போகிறது என்று முன்னாலேயே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிறது. 1995-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ மில்லர், ஸ்டீவ் கே குழுவினர் இந்த மரபணுவின் ஸ்விட்சில் மின்மினிப் பூச்சியின் ஒளி மரபணுவை மாட்டினார்கள். மரபணு வேலை செய்கிறபோதெல்லாம் செடி மங்கலாக ஒளிர்ந்தது. அந்த வெளிச்சத்தை வைத்து, கடிகாரம் வேகமாக ஓடுகிற செடிகளைத் தேடிப் பிடித்தார்கள். செடியின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதற்கு முதல் தடயங்களில் ஒன்று அப்படித்தான் கிடைத்தது.

ஜீன் இல்லையாம்.

இதுவரை சொன்னது பாடம். இனிமேல்தான் சண்டை. என் சண்டை மரபணு இருக்கிறதா இல்லையா என்பதற்காக அல்ல. அதற்கு அடுத்த வரிக்காக. 'இயற்கை எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்து வைத்திருக்கிறது, அதில் மனுஷன் கைவைக்கக் கூடாது' என்று மேடை போட்டுப் பேசுகிறார்களே, அதற்காக. இலைக்குள் போய்ப் பார்த்தால் இந்தக் கச்சிதம் எவ்வளவு பெரிய கதை என்று தெரியும்.

1932-ல் ராபர்ட் எமர்சன், வில்லியம் ஆர்னால்டு என்ற இரண்டு பேர் குளோரெல்லா என்ற பாசியின் மேல் மின்னல் மாதிரிச் சின்னச் சின்ன ஒளி வெட்டுகள் அடித்துப் பார்த்தார்கள். ஒரு வெட்டுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று கணக்கு. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளியே வர சுமார் 2,500 பச்சைய மூலக்கூறுகள் தேவைப்பட்டன. மலைத்துப் போனார்கள். இத்தனை பேர் நின்று என்ன செய்கிறார்கள்? பிற்பாடு புரிந்தது. பெரும்பாலான பச்சையம் வேலை செய்வதில்லை, வேலை செய்கிற சிலருக்கு ஒளியைப் பிடித்துக் கொடுக்கிறது. ஆன்டெனா. தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடியில் மாட்டினோமே, அதேதான்.

ஆன்டெனா பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்பீர்கள். காலை ஏழு மணிக்கு நல்லது, மரத்து நிழலில் நல்லது. உச்சிவெயிலில்? நெல், கோதுமை, சோயா போன்ற பயிர்களில், மேலே இருக்கிற இலையால் உச்சிவெயிலில் கால் பங்கை ஒழுங்காகப் பயன்படுத்த முடிந்தாலே பெரிது, மிஞ்சிப்போனால் பாதி. ஆன்டெனா மட்டும் அத்தனையையும் வாரிப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை என்ன செய்வது? சூடாக்கி வெளியே கொட்டிவிடுகிறது. அதற்கும் ஒரு தனிப் புரதம், தனி மரபணு. பி.எஸ்.பி.எஸ். என்று பெயர். அதுவும் இதே குடும்பத்து ஆள்தான், அறுவடைக்காரனின் பங்காளி. கிருஷ்ணா நியோகி என்பவரின் குழு 2000-ல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தது.

பெரியண்ணன் தட்டில் பத்து இட்லி வைத்துக்கொள்கிறான். மூன்றுதான் தின்ன முடிகிறது. மீதி ஏழைக் குப்பையில் போடுகிறான். கீழே உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்றுமில்லை. வயலில் இதுதான் தினமும் நடக்கிறது. மேல் இலை கொட்டுகிறது, கீழ் இலை இருட்டில் பட்டினி கிடக்கிறது.

ஏன் இப்படி ஒரு முட்டாள்தனம்? இது முட்டாள்தனம் இல்லை. காட்டில் இது ராஜதந்திரம். காட்டில் பக்கத்துச் செடி தம்பி அல்ல, எதிரி. நான் தின்ன முடியாத இட்லியைக் குப்பையில் போட்டாலும் எனக்கு லாபம்தான், அவன் தின்னவில்லையே! செடியின் மரபணுக்கள் கோடிக்கணக்கான வருஷம் இந்தப் போட்டியில் தேறி வந்தவை. அவற்றுக்கு விவசாயியைத் தெரியாது. ஒரு ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கு தெரியாது. 'இயற்கை கச்சிதமானது' என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: யாருக்குக் கச்சிதம்? செடிக்கா, சாப்பிடுகிறவனுக்கா? இரண்டும் ஒன்று என்று யார் சொன்னது?

கணக்கு சொல்கிறேன். வயலில் விழும் சூரிய சக்தியில் நெல் மாதிரிப் பயிர் கொள்கையளவில் 4.6 சதவீதம் வரை உடம்பில் சேர்க்கலாம் என்று 2008-ல் ஸ்டீபன் லாங் குழு கணக்கிட்டது. நடைமுறையில் பருவம் முழுக்க நன்றாக வளர்ந்த பயிரில் இதில் பாதி தேறினால் அபூர்வம். மீதி எங்கே போகிறது என்பதற்குப் பல காரணங்கள். அதில் ஒன்று இந்த ஆன்டெனாப் பேராசை.

சரி, பேராசையைக் கொஞ்சம் குறைத்தால்? 'ஐயையோ, இயற்கைக்கு விரோதம்' என்று குரல் கேட்கிறது. அந்தக் குரல்காரர் மத்தியானம் சாப்பிட்ட சாதம் பெரும்பாலும் குட்டை ரக நெல். நெல் ஏன் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது? அதுவும் வெளிச்சத்துக்காகப் பக்கத்துச் செடியோடு போட்ட சண்டைதான். 1966-ல் மணிலா அருகில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர்.8 வந்தது. தண்டைக் குட்டையாக்கும் ஒரே ஒரு மரபணு, அந்தச் சண்டையை நிறுத்தியது. வைக்கோலுக்குப் போனது நெல்மணிக்குப் போனது. எந்த மரபணு என்று தெரிந்தது 2002-ல்தான். அதற்குள் முப்பத்தைந்து வருஷம் நாம் சாப்பிட்டு ஏப்பம் விட்டாயிற்று. தண்டின் பேராசையை வெட்டியபோது இயற்கை கோபித்துக்கொள்ளவில்லை. இலையின் பேராசை மட்டும் புனிதமா?

இலையில் கைவைத்துப் பார்த்துமிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் புகையிலைச் செடியில் ஆன்டெனாவைச் சின்னதாக்கி நெருக்கமாக நட்டபோது, சாதாரணச் செடியைவிட சுமார் 25 சதவீதம் அதிகமாகத் தண்டும் இலையும் சேர்ந்தன. சீனாவில் வெளிர்பச்சை இலை கொண்ட ஒரு நெல், கரும்பச்சை நெல்லைவிட நன்றாக விளைந்ததாக 2017-ல் எழுதினார்கள். அமெரிக்காவில் சோயாவை வைத்து 2018-ல் செய்த கணக்குப்படி, பச்சையத்தைப் பாதிக்கு மேல் குறைத்தாலும் பயிர் நாள் முழுக்கச் சேர்க்கும் கார்பனில் பெரிய நஷ்டமில்லை. நைட்ரஜன் மிச்சம்.

நைட்ரஜன் என்றதும் நம் ஊருக்கு வந்துவிடுகிறேன். ஏனென்றால் கரும்பச்சை மோகம் என்ற வியாதி நம் வயல்களில் முற்றிப்போயிருக்கிறது. பயிர் கருகருவென்று இல்லாவிட்டால் விவசாயிக்குத் தூக்கம் வராது. 'என்னய்யா, பயிர் மஞ்சளிச்சுக் கெடக்கு?' என்று வரப்பில் போகிறவன் கேட்டுவிட்டால் மானம் போச்சு. உடனே மானிய விலை யூரியா மூட்டை. பச்சையத்திலும் நைட்ரஜன், அதைப் பிடித்து வைக்கிற புரதத்திலும் நைட்ரஜன். ஆக யூரியா போட்டால் கருக்கத்தான் செய்யும். கருத்தவுடன் புகையான் வரும், இலைச்சுருட்டுப் புழு வரும், குலைநோய் வரும், காற்றடித்தால் பயிர் சாயும். பிறகு மருந்துக் கடை. இதைத் தடுக்கத்தான் நம் வேளாண் பல்கலைக்கழகம் இலை வண்ண அட்டை என்று ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சிபாரிசு செய்கிறது. இலையை அதில் வைத்துப் பார், நிறம் குறைந்தால் மட்டும் யூரியா போடு. நல்ல யோசனை, மலிவான சாமான். எத்தனை வீட்டில் சுவரில் மாட்டித் தூசி படிந்திருக்கிறதோ!

நாளைக்கே வெளிர்பச்சை நெல் ஒன்று வந்தால் அந்த அட்டையும் ஏமாந்துபோகும் என்பது வேறு விஷயம். புது அட்டை அடிக்க வேண்டும். அட்டையைவிடக் கஷ்டம் வரப்பில் போகிறவனின் கண்ணை மாற்றுவது.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்து நண்பர்கள் இவன் கம்பெனிக் கைக்கூலி என்று முடிவு கட்டியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கு அடுத்து அவர்கள்தான்.

2016 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யோகானஸ் குரோம்தைக், ஸ்டீபன் லாங், நமக்கு ஏற்கெனவே அறிமுகமான நியோகி எல்லாம் சேர்ந்து புகையிலையில் ஒரு வேலை செய்தார்கள். இலை சூட்டைக் கொட்டுகிறது என்றேனல்லவா? மேகம் வந்து வெயில் மறைந்த பிறகும் சில நிமிஷம் கொட்டிக்கொண்டேயிருக்கும். மழை நின்ற பிறகும் குடையை மடக்காத ஆசாமி மாதிரி. அரபிடாப்சிஸிலிருந்து மூன்று மரபணுக்களை எடுத்துப் புகையிலையில் வைத்து, குடையைச் சீக்கிரம் மடக்கச் செய்தார்கள். வயலில் 14 முதல் 20 சதவீதம் அதிக எடை. 2022-ல் அதே வித்தை சோயாவில், 33 சதவீதம் வரை அதிக விளைச்சல்! பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. உலகப் பசி தீர்ந்தது என்று சில கோட்டு சூட்டுகள் கையைத் தேய்த்துக்கொண்டன.

கொட்டை எழுத்தில் போடாததைச் சொல்கிறேன். 33 என்பது இருந்ததிலேயே நல்ல வரிசையின் எண், சராசரி அதைவிடக் குறைவு. மறு வருஷம் புயலில் பயிர் சாய்ந்தது, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதே மூன்று மரபணுக்களை ஜெர்மனியில் அரபிடாப்சிஸிலேயே தூக்கலாக வேலை செய்யவைத்தபோது செடி பெருக்கவில்லை, சிறுத்துப்போனது. 2020-ல் வெளியான முடிவு. மரபணு எந்தச் செடியிலிருந்து கடன் வாங்கியதோ அந்தச் செடியிலேயே உதைக்கிறது. உருளைக்கிழங்கிலும் எதிர்பார்த்த லாபம் வரவில்லை. ஆக, விற்கிறவர் '33 சதவீதம்' என்று வந்தால் உங்கள் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குடை வெட்டி வேலையும் இல்லை. ஸ்வீடனில் உமியோ நகரத்தில் ஸ்டெஃபான் யான்சன் என்று ஒரு பேராசிரியர். ஒளி அறுவடை மரபணுக்களுக்குக் குடும்ப அட்டவணை போட்டுப் பெயர் வைத்ததில் முக்கியமானவர். 2002-ல் அவர் குழு, பி.எஸ்.பி.எஸ். மரபணு இல்லாத செடிகளை வளர்த்துப் பார்த்தது. அறைக்குள் ஒரே மாதிரி வெளிச்சத்தில் அவை ஜம்மென்று இருந்தன. வெளியே, மேகமும் வெயிலும் மாறி மாறி வருகிற இடத்தில் வைத்ததும் விதை குறைந்துபோனது. குடை தேவைதான். எவ்வளவு, எந்த ஊரில், எந்தப் பருவத்தில் என்பதுதான் கேள்வி. இந்த அறுவடைப் புரதங்களின் மூதாதைகளே ஆதிகாலத்தில் ஒளியைப் பிடிப்பதற்கு அல்ல, மிதமிஞ்சிய ஒளியிலிருந்து காப்பாற்றுவதற்கு இருந்தவை என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். குடையாக வந்தவன்தான் பிற்பாடு ஆன்டெனாவாக உத்தியோகம் மாறினான்.

அந்த யான்சன் 2016-ல் இன்னொரு காரியம் செய்தார். கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்திரியால் அதே பி.எஸ்.பி.எஸ். மரபணுவை வெட்டியெடுத்த முட்டைகோஸை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்து, ஒரு ரேடியோ நிருபரை அழைத்து, பாஸ்தாவோடு வதக்கி இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கிரிஸ்பர் காயில் சமைத்த உலகின் முதல் சாப்பாடு இதுவாக இருக்கலாம் என்றார். உள்ளே எதுவும் புதிதாக வைக்கவில்லை, இருந்ததில் ஒன்றை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். ஸ்வீடன் அதிகாரிகளும் இது மரபணு மாற்றுச் சட்டத்தில் வராது என்று அதற்கு முந்தைய வருஷம் சொல்லியிருந்தார்கள். 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம் வரும் என்று தீர்ப்பளித்தது. அதே முட்டைகோஸ், அதே தோட்டம், இரண்டு வருஷம் கழித்து சட்ட விரோதம். முட்டைகோஸுக்கு எதுவும் தெரியாது.

நம் நாட்டுக் கதை என்ன? 2002-ல் பி.டி. பருத்தி வந்தது. இன்றுவரை அனுமதியோடு இங்கே விவசாயிகள் வணிகத்துக்குப் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர் அது ஒன்றுதான். 2010-ல் பி.டி. கத்தரிக்காய்க்குத் தடை போட்டார் ஜெய்ராம் ரமேஷ். கடுகுக்கு 2022-ல் அனுமதி, வழக்கு, 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு தீர்ப்பு. வெளி மரபணு வைக்காமல் கத்திரி மட்டும் போட்ட பயிர்களுக்கு 2022-ல் விதிகளைத் தளர்த்தினார்கள். 2025 மே மாதம் அப்படிப்பட்ட இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. ஹைதராபாத்திலும் டெல்லியிலும் அரசு நிலையங்களில் உருவானவை. உடனே இரண்டு கோஷ்டியும் கச்சை கட்டின. ஒன்று 'சாதனை' என்றது, இன்னொன்று 'விஷம்' என்றது. சோதனை வயலின் எண்களை முழுசாக வெளியே வையுங்கள் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் நான் அவர்கள் கட்சி.

விவசாயியின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பருத்தி விதையை வருஷா வருஷம் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது. வீட்டில் விதை எடுத்து வைத்தவன் கையேந்தி நிற்கிறான். கோபம் நியாயம். ஆனால் அந்தக் கோபம் விதையின் சொந்தக்காரன் மேல் வரவேண்டியது. வீட்டுக்காரன் வாடகையை ஏற்றினால் செங்கல்லைத் திட்டுவோமா? சொந்தக்காரனை விட்டுவிட்டு மரபணுவைத் திட்டினால் கம்பெனிக்குக் கொண்டாட்டம்தான். ஏனென்றால் பயந்துபோன சர்க்கார் முதலில் மூடுவது தன் சொந்த ஆராய்ச்சி வயலைத்தான். கம்பெனி வேறு தேசத்தில் செய்துகொண்டு, பத்து வருஷம் கழித்துக் காப்புரிமைப் பத்திரத்தோடு வந்து நிற்கும். அப்போது பேரம் பேச நம் கையில் என்ன இருக்கும்? சிலேட்டுப் பலகையா?

எனக்கு வேண்டியது பெரிய விஷயம் இல்லை. தஞ்சாவூர் வெயில் இல்லினாய் வெயில் அல்ல. சம்பாவில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் போடுகிற வெளிச்சமும், குறுவையின் வெயிலும் வேறு வேறு. எந்த ஆன்டெனா எந்தப் பருவத்துக்குப் பொருந்தும் என்பதை வேறு தேசத்து வயலைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோயம்புத்தூரிலும் ஆடுதுறையிலும் நம் சொந்த வயல்களில் நாலைந்து பருவம் நட்டுப் பார்க்க வேண்டும். தோற்றால் தோற்றது என்று எழுத வேண்டும். ஜெயித்தால் விதையை விவசாயி எடுத்து வைத்துக்கொள்ள விட வேண்டும். வேளாண் கண்காட்சிக்குப் போகிறீர்களே, டிராக்டர் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பதற்கு முன்னால் அங்கே நிற்கிற அதிகாரியைப் பிடித்துக் கேளுங்கள்: எத்தனை ஊரில், எத்தனை பருவம் நட்டீர்கள், எண்கள் எங்கே? மேடையில் பேசுகிற இயற்கைக்காரரையும் விட வேண்டாம். ஐ.ஆர்.8 வகையறாவைச் சாப்பிடுவதை எப்போது நிறுத்தப்போகிறார் என்று கேளுங்கள்.

இதையெல்லாம் அந்தக் கீரைக்காரத் தம்பியிடம் பாதி சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். நடுவில் நாலு பேருக்குக் கீரை விற்றான். நானும் இரண்டு கட்டு பாலக், ஒரு கட்டு முளைக்கீரை வாங்கினேன், ஜீனோடு சேர்த்து.

"அந்த மூணாவது வரிய மட்டும் அழிச்சிடேன் தம்பி. முதல் ரெண்டு போதும்."

தலையைச் சொறிந்தான். "நீங்க சொல்றது கரெக்டாத்தான் இருக்கும் சார். ஆனா அந்த வரியப் பாத்துட்டுத்தான் சார் பாதிப் பேர் நிக்கிறாங்க."